மூங்கிலாற்று ஈரம்

எங்கள் சேந்துறையில் மனிதர்களின் பாதங்கள் காய்ந்தே இருக்க, பாதம் பட்ட இடம் மட்டும் நனைய ஆரம்பித்தது, புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்ன வாரத்தில்தான். அதற்கு முன்னால் ஊரில் ஒருவரைத் தவிர யாரும் அந்தப் புத்தகங்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் என்னவோ பெரிய படிப்பாளிக் கூட்டம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவை முந்தைய யுத்தத்தின் புத்தகங்கள். அந்த யுத்தத்தில் பழைய சர்வாதிகாரியை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர்கள், அச்சு இயந்திரத்தை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள், பிடிபட்ட பிறகும் வாயைத் திறக்காதவர்கள் என்று அவர்களைப் பற்றிய சரித்திரங்களும் நாவல்களும் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தன. இப்போதைய ஜெனரல் பதவிக்கு வந்த புதிதில் தன்னை அந்த வீரர்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அலாதிப் பிரியம், ஆகவே பள்ளிக்கூடங்களில் ஓட்டப்பந்தயத்துக்கும் கையெழுத்துப் போட்டிக்கும் அந்தப் புத்தகங்களையே பரிசாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார், நாங்களும் வாங்கி, அட்டை போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவ்வப்போது தூசு தட்டி, நிம்மதியாக இருந்தோம். பிறகு வடக்கே இவருடைய யுத்தம் தொடங்கியது, முடியாமல் நீண்டது, அரிசி குறைந்தது, பையன்கள் போனார்கள், போன பையன்கள் திரும்பவில்லை, பழைய சர்வாதிகாரியைப் பற்றிப் படித்தால் இவர் முகம் ஞாபகத்துக்கு வருகிறது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள்; ஒரு திங்கட்கிழமை காலையில் அதே புத்தகங்கள் தேசத்துரோகமாகிவிட்டன, வாரம் முடிவதற்குள் மீன் ஏலக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது.

எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். கொடுத்துவிடத்தான் நினைத்தோம். ஆனால் இத்தனை வருஷம் வீட்டில் சோறு தண்ணி கேட்காமல் கிடந்த ஒன்றைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால், அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றாத மனிதன் யார்? வலை பின்னுகிறவன் பார்த்தான், படகு கட்டுகிறவன் பார்த்தான், கோயில் மணி அடிக்கிறவன் பார்த்தான், அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் பெண்களிலும் சிலர் பார்த்தார்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதில் ஓர் இடம் வந்தது: துப்பாக்கிக்குத் தப்பியவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், மார்கழிக் குளிரில் மூங்கிலாற்றைக் கடக்கிற இடம். அதை இங்கே முழுதாகச் சொல்லமாட்டேன், உங்கள் வீட்டுத் தரை எப்படிப்பட்டதோ எனக்குத் தெரியாது.

படித்து முடித்து எழுந்தவர்கள் நடந்த இடமெல்லாம் நனைந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஈரச் சுவடு வந்துகொண்டிருக்கும், குனிந்து முகர்ந்தால் எங்கள் கடலின் உப்பு வாடை இருக்காது, பாசி வாடையும் நனைந்த மூங்கில் இலையின் வாடையும் இருக்கும். சரித்திரம் படித்தவர்களுக்கு விரல் நுனி பட்ட இடம் மட்டும்தான் நனைந்தது, நாவல் படித்தவர்களுக்குக் குதிகால் முதல் முழுப் பாதமும் பட்ட இடம். சரித்திரம் ஆறு எவ்வளவு அகலம் என்று சொல்லியிருந்தது, நாவல் அது எவ்வளவு குளிர் என்று சொல்லியிருந்தது, அதனால்தான் என்று நாங்களே ஒரு காரணம் கட்டிக்கொண்டோம். கடலில் பிழைக்கிற எங்களுக்குத் தண்ணீர் ஒரு அதிசயமும் இல்லை, ஈரத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

சிப்பாய்களோடு ஊரில் முகாம் போட்டிருந்த மேஜருக்கு விஷயம் போக ரொம்ப நாளாகவில்லை. ஏலக் கொட்டகையின் சிமெண்டுத் தரையைக் காயவைத்து, ஒவ்வொரு ஆணாக அதன்மேல் நடக்கச் சொன்னார். முதலில் நடந்தவர் பவுலீனு வாத்தியார், நான் தவிர்த்துச் சொன்ன அந்த ஒருவர் அவர்தான், வருஷக்கணக்காகப் பிரியத்தோடு எல்லாவற்றையும் படித்தவர். அவர் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் தளும்பியது. "போயிட்டு வாரேன்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லாரி வரைக்கும் வரிசையாகச் சுவடு விட்டுக்கொண்டு போனார், வடக்கே சண்டை நடக்கிற இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. அந்தச் சுவடுகள் வெயிலில் காய்கிறவரை ஒருவரும் அவற்றை மிதிக்கவில்லை.

மற்றவர்களின் முறை மறுநாள் என்றார்கள், அதற்குள் ஊர் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டது. வாசல் தெளிக்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதானே, காலையில் தெளித்ததை மத்தியானமும் தெளித்தோம், சாயங்காலமும் தெளித்தோம், தெருவைத் தெளித்தோம், சந்தையைத் தெளித்தோம், செருப்புப் போட்டவனும் அதைக் கழுவிச் சோப்பு நுரை வழிய நடந்தான், நனைந்த தரையில் எவன் சுவடு எவனுடையது என்று எந்தச் சிப்பாய் கண்டுபிடிப்பான்? பெண்கள் குடத்தில் கொண்டுவருகிற குடிநீரைத் தவிர மற்ற தண்ணீரை எல்லாம் மேஜர் தடைசெய்தார். பிறகுதான், லேசாகப் படித்தவன் ஒருவனுக்கு ஈரம் தானாக நின்றுபோனதைப் பார்த்து, படித்ததை மறந்தால் சுவடும் காய்ந்துவிடும் என்ற விஷயம் எங்களுக்குத் தெரிந்தது.

சரி, மறந்துவிடலாம் என்று கிளம்பினோம். எங்கள் ஊரின் பாதுகாவலர் அந்தோணியார், காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர். கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத் தொலைக்கத் தெரியாதா என்று அவருக்கு ஒன்பது நாள் ஜெபமாக ஒரு நவநாள் வைத்தோம். ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால்தான் புனிதர் காதில் விழும், ஆகவே ஒவ்வொருவரும் முழங்கால் போட்டு, மூங்கிலாற்றை மறக்க அருளும், கயிற்றை மறக்க அருளும், குளிரை மறக்க அருளும் என்று தினமும் உருக்கமாகச் சொல்ல, கடைசி நாளன்று கோயிலுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பங்குச் சாமியார் வியாகுலம், நிழலுக்கும் பயப்படுகிற மனிதர், கதவைச் சாத்திக்கொண்டு அவரே வாளியில் மொண்டு பின்பக்கமாக ஊற்றினார். தெருவில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோய் "மறந்தாச்சா" என்று கேட்க ஆரம்பித்திருந்தோம், கேட்கக் கேட்க ஞாபகம் வந்துகொண்டிருந்தது, அதையும் நிறுத்துவதற்கு எங்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

இதெல்லாம் ஊர்க் கதை. இஞ்ஞாசியின் கதைதான் நான் சொல்லவந்தது, சரியாகச் சொன்னால் அவன் மனைவி மத்தலேனாளின் கதை.

இஞ்ஞாசி கருவாட்டுக் களம் வைத்திருந்தான். ஊருக்கே ஈரம் கஷ்டம் என்றால் அவனுக்கு அது பிழைப்பின் மேல் விழுந்த இடி, ஏனென்றால் களத்து மணலும் பாயும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், சிப்பாய்கள் சும்மா இருக்கிற நேரமெல்லாம் வந்து நின்று பார்ப்பதும் அங்கேதான். அவன் படித்தது நாவல். பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்து வாங்கியது. ஒப்படைக்கிற கடைசி நாளில் பாதிப் புத்தகத்தில் இருந்ததால் கொடுக்க மனம் வராமல் உப்புத் தொட்டிக்குள் புதைத்துவைத்தான். அந்தக் கதையில் நீச்சல் தெரியாத ஓர் உப்பு வியாபாரி வருகிறான், கயிற்றின் கடைசி ஆள் அவன், வெள்ளம் அவனை இழுக்கிறது, தான் பிடித்திருந்தால் முன்னால் போகிற எல்லோரையும் சேர்த்து இழுத்துவிடும் என்று தெரிந்து கையை விட்டுவிடுகிறான். இஞ்ஞாசி சாப்பிடும்போது நிறுத்திவிட்டு, சோற்றைப் பார்த்தபடி, "கயித்த விட்டுட்டாம்ட்டி" என்பான்.

"இன்னைக்காவது மறந்தியளா?" என்பாள் மத்தலேனாள்.

"மறந்துட்டுத்தான் இருந்தேன். நீ கேட்டே."

அவன் பின்னாலேயே முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டு அலைந்தாள். களத்துக்குப் போகாதீர்கள், காய்ச்சல் என்று சொல்லிப் படுங்கள் என்று கெஞ்சினாள். எத்தனை நாளைக்குக் காய்ச்சல் வரும்? ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய் வாசல்படியைத் துடைத்தாள், லாரி சத்தம் கேட்டால் கையில் இருந்தது கீழே விழுந்தது. இந்த மனுஷனை லாரியில் ஏற்றிவிடுவார்கள், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எதை எதைப் பார்த்தால் அவனுக்கு அந்த ஆறு ஞாபகம் வருகிறது என்று தெரிந்தால் அதையெல்லாம் அவன் கண்ணில் படாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள், அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, அவன் களத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் உப்புத் தொட்டிக்குள் கையை விட்டாள்.

நாலாம் வகுப்போடு நின்றவள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கி அடுத்த வரிக்குப் போகிறவள். ஊர்க்காரர்கள் ஒரே மூச்சில் கடந்த ஆற்றை அவள் நாள்கணக்கில் கடந்தாள், ஒவ்வொரு அடியிலும் குளிர் ஏறியது, உப்பு வியாபாரி கையை விடுகிற வரியில் ஒரு பகல் முழுக்க நின்றாள். படித்து முடித்ததும் புத்தகத்தை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். களத்தில் கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துக் கம்பி கட்டினாள். மூங்கில் கூடைகளைக் கொடுத்துவிட்டுத் தகரத் தட்டு வாங்கினாள். கருவாட்டுக்கு உப்பு இல்லாமல் முடியாது, ஆகவே உப்பு போடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், கை வெடித்து ரத்தம் கசிந்தபோதும் அவனை அந்தப் பக்கம் விடவில்லை. சும்மா இருக்கும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து, காரணமே இல்லாமல் சண்டை பிடித்து, நினைப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அக்கம்பக்கத்தில் மத்தலேனாளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பலன் தெரிந்தது. உப்பு வியாபாரியின் பெயர் முதலில் போயிற்று, பிறகு கயிறு, பிறகு குளிர். அவன் சுவடு முழுப் பாதத்திலிருந்து குதிகாலும் விரலுமாகச் சுருங்கி, கட்டைவிரல் மட்டுமாகி, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தின் பாதியில் ஒருநாள் காலை அவன் முற்றத்தைக் கடந்து போனபோது மணல் அப்படியே காய்ந்து கிடந்தது. மத்தலேனாள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அந்தோணியாரே உமக்கு நூறு மெழுகுதிரி என்றாள்.

அன்று மத்தியானம் சந்தோஷத்தில் நல்ல மீனாக வாங்கிக் குழம்பு வைத்து, அவனுக்குப் பரிமாறிக்கொண்டே, "முதல்முதல்ல அக்கரைச் சந்தைக்குப் போற தோணியில வச்சு என்னப் பாத்தியளே, என் செருப்பு தண்ணியில விழுந்ததும் குதிச்சியளே, அன்னைக்கும் இதே மீனுதான் வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "என்ன தோணி?"

"ஆத்துத் தோணி."

"ஆறா? எந்த ஆறு?"

அவள் விளையாட்டு என்று நினைத்து முகத்தைப் பார்த்தாள், விளையாட்டு இல்லை. மூங்கிலாறு போகும்போது அவனுக்குள் இருந்த எல்லா ஆறுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. மத்தலேனாள் தன் மனைவி என்று அவனுக்குத் தெரியும், அந்தோணியார் கோயிலில் மாலை மாற்றியது தெரியும், ஆனால் அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள், தான் ஏன் அவளைத் தேடிப் போனோம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. "ஆறுன்னா என்னதுட்டி?" என்று குழந்தை கேட்பதுபோல் கேட்டான். அவள் எழுந்து குழம்புச் சட்டியை எடுக்கப் போனபோதுதான் தன் பின்னால் தரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அவன் ஈரத்தைத் துடைப்பதாக நினைத்துத் தன் ஈரத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளும் மறந்திருக்கலாம். மறக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஆறும் இந்த ஆறும் அவளுக்குள்ளும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன, ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும், அப்புறம் அந்தத் தோணி யாரிடம் இருக்கும்? வெளியே போகும்போதெல்லாம் இடுப்பில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தளும்பவிட்டுக்கொண்டே நடந்தாள். குடம் சுமக்கிற பெண்ணின் கால் நனைவதை எந்தச் சிப்பாயும் கவனிப்பதில்லை. பெண்களைச் சோதிக்க வேண்டும் என்று மேஜருக்கும் தோன்றவில்லை, இந்த ஊர்ப் பெண்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அந்த அவமரியாதையை நாங்கள் திருத்தப் போகவில்லை.

பெரிய வியாழன் வந்தது. ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து அன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவார், வழக்கமாகக் கோயில் கமிட்டி ஆள் தேர்ந்தெடுக்கும், அந்த வருஷம் மேஜர் தேர்ந்தெடுத்தார். கோயில் தரையை முந்தின நாளே காயவைத்து, நடுவழியில் சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகத் தூவி, வாசல் பக்கமிருந்து பீடம் வரைக்கும் பன்னிரண்டு பேரும் வெறுங்காலோடு ஒவ்வொருவராக நடந்துவந்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டில் இஞ்ஞாசியும் ஒருவன். கோயிலுக்குள் குடம் கொண்டுபோக முடியாது, ஆகவே மத்தலேனாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, பெண்கள் பக்கத்தில் நடுவழியை ஒட்டிய தூணோரமாக நின்றவள் நின்றவள்தான், அசையவே இல்லை. அவள் காலடியில் மட்டும் ஈரம் ஊறி வட்டமாகப் பெருகிக்கொண்டிருந்தது, சேலைக் கரையால் அதை மறைத்துக்கொண்டாள்.

மேஜர் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் நடந்தார், தூளில் காய்ந்த சுவடு விழுந்தது, அடுத்தவர் நடந்தார், காய்ந்த சுவடு, எல்லோரும் எப்படியோ மறந்து தொலைத்திருந்தார்கள். கடைசியாக இஞ்ஞாசி வந்தான். மத்தலேனாள் அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் அவளைக் கடக்கிற இடத்துக்கு வந்தான், நின்றான், அவள் சேலைக் கரை நனைந்து தரையோடு ஒட்டியிருப்பதைக் குனிந்து பார்த்தான்.

"மத்தலேன்," என்றான், அவன் குரலில் இருந்தது அக்கறை மட்டும்தான், "காலெல்லாம் ஒரே தண்ணியா இருக்கே. சளி பிடிச்சிரும்ட்டி."

ஈரத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்பதையும் அவன் மறந்திருந்தான். அவ்வளவு நன்றாக அவள் அவனைக் காப்பாற்றியிருந்தாள்.

மேஜர் எழுந்தார். அவர் எதற்கும் அவசரப்படுகிறவர் இல்லை, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, சுண்ணாம்புத் தூளை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார். அவருக்கு முன்னால் வேறொருவர் வந்துசேர்ந்தார். வியாகுலம் சாமியார், நிழலுக்குப் பயப்படுகிற அந்த மனிதர், ஒரு கையில் செம்பும் ஒரு கையில் தாம்பாளமுமாக, தண்ணீர் இரண்டு பக்கமும் சிந்த, ஏறக்குறைய ஓடி வந்து மத்தலேனாளுக்கு முன்னால் முழங்கால் போட்டார். செம்பைச் சாய்த்து அவள் பாதத்தில் ஊற்றினார். தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்ததைவிடத் தரையில் ஓடியதுதான் அதிகம்.

"பெண்களுக்கும் உண்டா?" என்றார் மேஜர்.

"இந்த வருஷத்திலிருந்து உண்டு" என்றார் சாமியார், தலையை நிமிர்த்தாமல்.

மேஜர் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். மத்தலேனாளுக்கு அடுத்து நின்ற ஐஸ் கம்பெனிக்காரி சலேத்தாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, வெகுநாள் பழக்கம்போல வலது காலை முன்னால் நீட்டினாள். அவளுக்கு அடுத்தவளும் நீட்டினாள். மணி அடிக்கிற கோயில்பிள்ளை வாளி வாளியாகக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து கொடுக்க, சாமியார் முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து, அந்தப் பக்கத்தில் நின்ற அத்தனை பெண்களின் பாதங்களையும் கழுவித் துடைத்தார், நடுவழியின் சுண்ணாம்பு கரைந்து பாலாக ஓடியது. மேஜர் கடைசிவரை நின்று பார்த்தார். "இந்த ஊரில் சடங்குகள் சீக்கிரம் மாறுகின்றன" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஈஸ்டர் முடிந்த மறுநாள் ஜீப் வந்து சாமியாரைக் கூட்டிக்கொண்டு போயிற்று, விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெரிய வியாழனன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசி அவளை வீட்டுக்குள் இருந்த படியில் உட்காரவைத்து, தோளில் கிடந்த துண்டால் அவள் கால்களைத் துடைத்தான். பாதம் காய்ந்தது, அவள் கீழே வைத்ததும் படி நனைந்தது, அவன் படியைத் துடைத்தான், மறுபடி நனைந்தது.

"எங்கேருந்துட்டி வருது இவ்வளவு தண்ணி?"

இத்தனை நாள் அவனிடம் பேசக்கூடாததை எல்லாம் விழுங்கி விழுங்கி, பேசுவதற்கு அவளிடம் எதுவுமே மிஞ்சவில்லை. தெருவில் ஜீப் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள், இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூங்கிலாற்றின் பக்கமே போகாமல், கயிற்றின் பக்கம் போகாமல், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்து, அக்கரைச் சந்தைக்குப் போகிற ஒரு தோணியைப் பற்றியும், அதில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியும், அவள் செருப்புக்காகச் சட்டையோடு குதித்த ஒரு பைத்தியக்காரனைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். யாரோ இரண்டு பேரின் கதையைக் கேட்பதுபோல அவன் சிரித்துக்கொண்டு கேட்டான், "அப்புறம்?" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் காய்ந்த படியின் மேல் இருந்த அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள், அங்கே ஈரம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடும், வராமலே போய்விடுமோ என்ற அதைவிடப் பெரிய பயத்தோடும்.